சுழலாத ஆலைக்குக் காவல் எதற்கு?

காற்றாலை என்று சொன்னதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயும் முப்பந்தலும்தான் நினைவுக்கு வரும். வெள்ளைக் கம்பம், உச்சியில் மூன்று இறக்கை. நான் பேச வந்திருப்பது அதன் கொள்ளுப்பாட்டனைப் பற்றி. நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகருக்குக் கிழக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், லெக் ஆற்றங்கரையில், கிண்டர்டைக் என்ற சிற்றூரில் 19 பழைய காற்றாலைகள் நிற்கின்றன. 1997இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு பழைய ஆலையைப் பாதுகாப்பது என்றால் எதைப் பாதுகாப்பது என்ற கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஓடும் ஆலையைத்தான் பாதுகாக்க முடியும். நின்றுபோன ஆலையில் நாம் பாதுகாப்பது செங்கல்லையும் மரத்தையும் மட்டுமே. இதற்கு நம் மொழியே சாட்சி. கரும்பு பிழியும் பொறிக்குச் சங்க காலத்திலேயே ஆலை என்று பெயர். பஞ்சாலை, நூற்பாலை என்று கட்டடத்துக்கும் நிறுவனத்துக்கும் அந்தச் சொல் ஏறியது பிற்காலத்தில்தான். இன்றைக்கும் "ஆலை ஓடுகிறது", "ஆலை நின்றுவிட்டது" என்றுதான் பேசுகிறோம். சுவர் அப்படியே இருக்கும்போதே "நின்றுவிட்டது" என்கிறோமே, அந்தப் பேச்சுவழக்கில் பொதிந்திருப்பதைத்தான் இன்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

கிண்டர்டைக்கில் ஆலைகள் ஏன் வந்தன என்று தெரிந்தால்தான் அவை என்ன வேலை செய்தன என்பது புரியும். காற்றாலை என்றாலே மாவரைப்பது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இந்த 19 ஆலைகள் ஒரு மணி தானியம்கூட அரைப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. இவை தண்ணீர் இறைக்கும் பொறிகள். நாம் ஏற்றமும் கமலையும் போட்டது வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர. அங்கே வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆல்பிளாஸர்வார்ட் எனப்படும் அந்தத் தாழ்நிலம் பீட் என்ற மக்கிய தாவர மண்ணால் ஆனது. அந்த மண்ணிலிருந்து தண்ணீரை வடித்தால் அது காய்ந்து, சுருங்கி, அமிழ்கிறது. நிலம் அமிழ அமிழ, இன்னும் வடித்தாக வேண்டும். பயிர் செய்வதற்காக வடித்தார்கள். வடித்ததாலேயே நிலம் ஆற்று மட்டத்துக்குக் கீழே போயிற்று. 13ஆம் நூற்றாண்டில் ஹாலந்துப் பிரபு ஐந்தாம் ஃப்ளோரிஸ் காலத்தில் அங்கே கரைகளையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ள நீர்வாரியம் அமைந்தது. 14ஆம் நூற்றாண்டில் நீண்ட வாய்க்கால்கள் வெட்டி, பள்ளநிலத்தின் தண்ணீரை எல்லாம் கிண்டர்டைக் மூலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் நீர் தாழும்போது மதகைத் திறந்தால் போதும், தானாக ஓடிவிடும் என்பது கணக்கு. நிலம் தாழ்ந்துகொண்டே போனதில் அந்தக் கணக்கு தப்பியது. தண்ணீரைத் தூக்கிவிட வேண்டிய கட்டாயம் வந்தது.

அதற்காக 1738இல் நெடர்வார்ட் நீர்வாரியம் செங்கல்லால் எட்டு வட்ட ஆலைகளைக் கட்டியது. 1740இல் எதிர்க்கரையில் ஓவர்வார்ட் வாரியம் நாணல் வேய்ந்த எட்டு எண்கோண ஆலைகளை எழுப்பியது. மற்ற மூன்றும் பக்கத்துப் பள்ளநிலங்களுக்கு உரியவை. ஆலைகள் வாய்க்கால் நீரைச் சக்கரத்தால் வாரி, மேல்மட்ட நீர்த்தேக்கத்தில் ஏற்றும். ஆறு தாழ்ந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து அங்கிருந்து வெளியே விடுவார்கள். வாய்க்கால், கீழ்த்தேக்கம், ஆலை, மேல்தேக்கம், மதகு, ஆறு என்று ஆறு கண்ணி கொண்ட சங்கிலி அது. ஒன்று அறுந்தாலும் மற்ற ஐந்தும் வீண். யுனெஸ்கோ பட்டியலில் அந்த இடத்துக்குக் கொடுத்த பெயரே "கிண்டர்டைக்–எல்ஸ்ஹவுட் ஆலை வலைப்பின்னல்" என்பதுதான். கரைகளும் தேக்கங்களும் இறைப்பு நிலையங்களும் அந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும். படத்தில் அழகாகத் தெரியும் ஆலைகளை மட்டும் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாததற்காகவே அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

இனி ஆலைக்குள் போவோம், ஏனென்றால் என் வாதம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இறக்கைகளின் மொத்த வீச்சு சுமார் 28 மீட்டர்; நுனி தரையை ஒட்டி உரசாத குறையாகச் சுழலும். ஒவ்வொரு இறக்கையும் ஓர் ஏணி போன்ற சட்டம். காற்று மெலிந்திருந்தால் ஆலைக்காரர் அந்தச் சட்டத்தில் ஏறி, பாய்த்துணியை முழுக்க விரித்துக் கட்டுவார். காற்று வலுத்தால் துணியைச் சுருட்டிப் பாதியாக்குவார். இன்னும் வலுத்தால் வெறும் சட்டத்தோடு ஓட்டுவார். நான்கு இறக்கைக்கும் நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். காற்றின் திசை மாறினால், ஆலையின் தொப்பிப் பகுதியோடு சேர்ந்து கீழே நீளும் வால்கட்டையை, தரையில் நட்ட கட்டைகளில் சங்கிலி மாட்டி, கைச்சக்கரத்தால் இழுத்து இறக்கைகளைக் காற்றுக்கு நேர் முகமாகத் திருப்புவார். உள்ளே, இறக்கைகளைத் தாங்கும் பெரிய அச்சின் கழுத்து ஒரு கல் தாங்கியின்மேல் கிடந்து சுழல்கிறது. அதற்குப் பன்றிக்கொழுப்பு பூசுவார்கள். மரப் பற்சக்கரங்களின் பற்களுக்குத் தேன்மெழுகு. இதில் எது எப்போது போதும், எப்போது போதாது என்பதை ஆலையின் சத்தத்திலிருந்து தெரிந்துகொள்கிறார்கள். பல் தேய்ந்தால் ஒரு சத்தம், அச்சு சூடானால் ஒரு வாசனை. வானத்தைப் பார்த்து அடுத்த அரைமணியில் சூறை வருமா என்று கணிக்கத் தெரியாதவர் கையில் ஆலையைக் கொடுத்தால் பிரேக் மரத்திலிருந்து தீப்பொறி பறக்கும். அப்படி எரிந்துபோன ஆலைகள் அந்நாட்டு வரலாற்றில் நிறைய உண்டு.

இவ்வளவும் எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. கட்டடத்தை மட்டும் காப்பாற்றும் சட்டம் தவறவிடுவது இதைத்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தில் ஏறத்தாழ 10,000 காற்றாலைகளும் நீராலைகளும் இருந்தன என்பது பொதுவான மதிப்பீடு. இன்று மிச்சம் சுமார் 1,200. நடுவில் வந்தது நீராவி. கிண்டர்டைக்கிலேயே 1868இல் நீராவி இறைப்பு நிலையம் வந்துவிட்டது. 1920களில் மின்சாரமும் டீசலும் வந்தன. தானிய ஆலைகளையும் மர அறுவை ஆலைகளையும் விறகுக்கு விற்றார்கள். 1923இல் "டி ஹாலண்ட்ஸே மோலன்" என்ற ஆலைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் தொடக்கத்தில் செய்த வேலை எனக்கு வியப்பைத் தருகிறது. பழையதை அப்படியே காத்து நிற்கச் சொல்வதற்கு முன்பாக, ஆலைகளின் திறனை உயர்த்த என்ன செய்யலாம் என்றுதான் அவர்கள் பார்த்தார்கள். அதே பத்தாண்டில் அட்ரியான் டெக்கர் என்ற ஆலைத்தச்சர் இறக்கையின் முன்விளிம்பை விமான இறக்கை போலத் தகட்டால் வளைத்து, மெல்லிய காற்றிலும் சுழலும்படி செய்தார். இயந்திரத்தோடு போட்டி போட்டு ஆலையை வேலையில் வைத்திருப்பதே அதைக் காப்பாற்றும் வழி என்று அவர்கள் கருதினார்கள். போட்டியில் தோற்றார்கள், அவர்கள் பார்வை தோற்றதாக நான் நினைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் அந்தப் பார்வையை ஒருமுறை மெய்ப்பித்தும் காட்டியது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது எரிபொருள் தட்டுப்பாட்டால் இறைப்பு நிலையங்கள் திணறியபோது, கிண்டர்டைக் ஆலைகள் மறுபடி வாய்க்கால் நீரை வாரத் தொடங்கின. ஆலைகள் ஓடும் நிலையில் இருந்தன, ஓட்டத் தெரிந்த குடும்பங்கள் அவற்றுக்குள்ளேயே குடியிருந்தன, அதனால்தான் அது முடிந்தது. அந்தக் குடும்பங்களை வெளியேற்றி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து ஒரு பலகை மாட்டியிருந்தால் அந்த ஆண்டுகளில் பலகைதான் மிதந்திருக்கும். 1950 வாக்கில் அவற்றின் அன்றாட வேலை முடிந்தது. 1972இல் வந்த புதிய நிலையத்தின் ராட்சதத் திருகுகள் இப்போது அந்தப் பணியைச் செய்கின்றன.

அதே 1972இல் இன்னொன்றும் நடந்தது. என் கணக்கில் புதிய நிலையத்தைவிட அதுவே முக்கியம். ஆலைக்கார வம்சங்கள் அருகிப்போன நிலையில், தன்னார்வ ஆலைக்காரர்கள் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். ஆசிரியர், எழுத்தர், பொறியாளர், ஓய்வுபெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் அனுபவமுள்ள ஆலைக்காரர் ஒருவரிடம் எல்லாப் பருவ காலங்களிலும் குறைந்தது 150 மணி நேரம் கைப்பழக்கம் பெற்று, தேர்வும் எழுதித் தேற வேண்டும். சனிக்கிழமை காலைகளில் அந்நாட்டில் சுழலும் ஆலைகளில் பெரும்பாலானவை இவர்கள் கையால் சுழல்பவை. ஆலையை ஓட்டிப் பிழைப்பவர்கள் இப்போது சுமார் நாற்பது பேர்தான். 2017இல் யுனெஸ்கோ காற்றாலை, நீராலைகளை இயக்கும் ஆலைக்காரர் தொழிலையே புலனாகாப் பண்பாட்டு மரபாகத் தனியே பட்டியலிட்டது. 1997இல் கட்டமைப்புக்குக் கிடைத்த காப்பு அதை இயக்கும் கைக்குக் கிடைக்க இருபது ஆண்டு ஆயிற்று. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆலை எரிந்தால், தெரிந்தவர் ஒருவர் இருந்தால் மறுபடி கட்டலாம். தெரிந்தவர் போய்விட்டால், எரியாத ஆலையும் பெரிய மரச்சாமான்தான்.

காற்றையும் காக்க வேண்டும். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஸ்கீடாம் என்ற ஊரில் ஜின் சாராயத்துக்கு வேண்டிய தானியத்தை அரைத்த ஆலைகள் இருக்கின்றன. அவற்றில் "டி நோர்ட்" என்பது 33 மீட்டருக்கு மேல் உயரம். அவ்வளவு உயரம் ஆடம்பரத்துக்காக வந்ததில்லை. சுற்றிலும் வீடுகள் எழும்பிக் காற்றை மறித்தன, ஆலை அதற்கு மேலே தலையை நீட்டியது. இன்றைக்கு நாற்பது மாடிக் கட்டடத்துக்கு மேலே எந்த ஆலையும் தலை நீட்ட முடியாது. ஆகவே நெதர்லாந்தில் பல மாகாணங்கள் ஆலையைச் சுற்றிக் காற்று வெளி ஒன்றை வரையறுத்திருக்கின்றன. முதல் நூறு மீட்டருக்குள் இறக்கையின் தாழ்ந்த நுனியைவிட உயரமாக எதுவும் எழக்கூடாது; அதற்கு அப்பால் நானூறு மீட்டர் வரை, தள்ளிப்போகப் போகச் சற்று உயரலாம். மரத்துக்கும் இது பொருந்தும். பக்கத்துத் தோட்டக்காரர் ஆசையாக வளர்த்த மரத்தை வெட்டச் சொல்லும்போது சண்டை வராமல் இருக்குமா? வருகிறது. ஆனாலும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி வேலி போடுவதோடு நில்லாமல், அதை நோக்கி வரும் காற்றுக்கே வழிவிடச் சொல்லும் சட்டம், பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை வெகுவாக நீட்டியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. அவற்றில் கனமானது, ஓட்டினால் தேயும் என்பது. 1738இல் செதுக்கிய அச்சைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துவிட்டு, பல்லை மாற்றி, இறக்கையை மாற்றி, கடைசியில் புதிய ஆலை ஒன்றைப் பழைய பெயரில் காட்டுவது ஏமாற்று இல்லையா? நெதர்லாந்தில் ஸான்ஸே ஸ்கான்ஸ் என்ற இடத்தில் நிற்கும் "டி காட்" என்ற ஆலையைச் சுட்டி இப்படிக் கேட்கலாம். காட் என்றால் பூனை. 17ஆம் நூற்றாண்டில் எண்ணெய் ஆலையாக எழுந்தது, 1782இல் எரிந்தது, மறுபடி கட்டினார்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதி இடிந்தது, 1960இல் வேறோர் ஆலையின் எண்கோண உடலைக் கொண்டுவந்து இதன்மேல் ஏற்றினார்கள். இன்றும் அது காற்றின் விசையால் சுண்ணக்கல்லையும் சாயமரத்தையும் வண்ணமண்ணையும் அரைத்து ஓவியர்களுக்கு நிறப்பொடி தருகிறது. இது பழைய ஆலையா, புதியதா? தேர் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கேள்வி அவ்வளவு மலைப்பைத் தராது. சக்கரம் மாற்றினாலும், வடம் மாற்றினாலும், அது அதே தேர்தான். ஆனால் அந்தச் சமாதானத்தை மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. கட்டியவர்களே எந்தப் பகுதியைத் தேய்வதற்கென்று செய்தார்கள், எதை நிற்பதற்கென்று செய்தார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகப்பட்டிருப்பதே ஒவ்வொன்றாக மாற்றத்தான். பாய்த்துணியும் இறக்கைச் சட்டமும் நாணல் வேய்தலும் அப்படித்தான். ஆலை வேலையில் இருந்த காலத்திலும் தலைமுறைக்கு ஒருமுறையாவது மாறியவை அவை. செங்கல் சுவர், முதன்மை உத்தரங்கள், அச்சின் கல் தாங்கி ஆகியவற்றின் கதை வேறு; அவற்றில் கைவைப்பதற்கு நூறு முறை யோசிக்க வேண்டும். பொருளின் பழைமை மட்டுமே உண்மைத்தன்மைக்கு அளவுகோல் ஆகாது, பயன்பாடும் கைத்திறனும் மரபும்கூடக் கணக்கில் வரும் என்று 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள் ஓர் ஆவணத்தில் ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்று, நின்றுபோன ஆலையும் தேயத்தான் செய்கிறது, மெதுவாகவும் யாருக்கும் தெரியாமலும். இறக்கை ஒரே நிலையில் நின்றால் மழைநீர் ஒரே மூட்டில் தேங்கி மரத்தை உளுத்துப்போகச் செய்யும். வண்டு துளைப்பதைக் கேட்க உள்ளே ஆளிருக்காது. ஓடும் ஆலையின் நோய் சனிக்கிழமை தெரிந்துவிடும். நின்ற ஆலையின் நோய் தெரிய, ஏதாவது ஒன்று ஒடிந்து விழ வேண்டும்.

அடுத்த மறுப்பு: இப்போது ஓடுவது வெறும் நடிப்பு. தண்ணீரை மின்சாரம் இறைக்கிறது, மாவைத் தொழிற்சாலை அரைக்கிறது, ஆலை சுற்றுலாக்காரருக்காகச் சுற்றுகிறது. இதில் பாதி உண்மை, மறைப்பானேன்? சுமை எதையும் இணைக்காமல் இறக்கையை மட்டும் சுழலவிடுவதற்கு டச்சுக்காரர்களிடம் ஒரு தொடர் இருக்கிறது: "இளவரசருக்காகச் சுற்றுதல்". வெட்டிவேலை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன மொழி வேறு எதுவோ எனக்குத் தெரியாது. ஆனாலும் வெறுமே சுற்றும் ஆலையும் அச்சை அசையவைக்கிறது, ஓட்டுபவரின் பழக்கத்தைக் காக்கிறது. கிண்டர்டைக் ஆலைகள் நீர் வாரும் நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. தேவை வந்தால் சுமை இணைக்கலாம். நடிப்பு என்று ஒதுக்குபவர்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் வவுடா நீராவி இறைப்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். 1920இல் திறக்கப்பட்ட அது 1998இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மழை மிகுந்து மற்ற நிலையங்கள் தாங்காதபோது இன்றும் கொதிகலனை மூட்டி நிஜமாகவே தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். அருங்காட்சியகம், அவசரத்துக்கு ஆயுதமும்கூட. எல்லா ஆலைக்கும் அந்த வாய்ப்பு கிடைக்காது. கிடைக்காதவற்றில் நடிப்பு கலந்திருக்கும் என்பதை ஏற்கிறேன். உணவகமாகவோ குடியிருப்பாகவோ மாறி, இறக்கை இழந்த முண்டமாக நிற்கும் ஆலையைவிட அந்த நடிப்பு மேல்.

செலவைப் பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. அரசு மானியமும் மாகாணப் பணமும் நன்கொடையும் சேர்ந்துதான் இந்த ஆலைகள் நிற்கின்றன. கிண்டர்டைக்குக்கு ஆண்டுதோறும் வரும் பல லட்சம் பேரின் நுழைவுச்சீட்டும் உதவுகிறது. கூட்டம் கூடினால் குடியிருப்பவர்களுக்கு இடைஞ்சல். ஜன்னலுக்கு வெளியே நின்று யாராவது படமெடுத்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இதற்கு என்னிடம் தயார் மருந்து இல்லை. ஆனால் பணத்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சில மாகாணங்களும் நகராட்சிகளும் சுழற்சி ஊக்கத்தொகை தருகின்றன. அச்சில் ஓர் எண்ணி பொருத்தியிருக்கும்; ஆண்டு முடிவில் அது காட்டும் சுற்றுகளைப் பொறுத்துத் தொகை. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பணம் கொடுக்கும் நாடுகள் உண்டு. அச்சு எத்தனை முறை சுழன்றது என்று எண்ணிக் கொடுக்கிறார்கள் இவர்கள். என் வாதத்தை ஓர் அரசாங்கக் கணக்கர் ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

எல்லாம் சரி, இது பழைமை மோகம்தானே என்று கடைசியாகக் கேட்பார்கள். அவர்களுக்கு என் பதில் இது. நின்றிருக்கும் இறக்கைக்கும் அங்கே ஒரு மொழி உண்டு. எதிரே நின்று பார்த்தால் டச்சு ஆலை இடஞ்சுழியாகச் சுழலும். வேலை முடிந்து நிறுத்தும்போது, கீழிறங்கும் இறக்கை அடிப்புள்ளியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிடித்து நிறுத்தினால் ஊரில் மகிழ்ச்சி: கல்யாணம், பிறப்பு. வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அடிப்புள்ளியைக் கடந்து சற்று மேலேறியதும் நிறுத்தினால் துக்கம். போய்விட்டது என்று பொருள். 2014 ஜூலையில் மலேசிய விமானம் உக்ரைன் வானில் வீழ்த்தப்பட்டு இறந்த 298 பேரில் இருநூறுக்கு நெருக்கமானவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். முதல் உடல்கள் வந்திறங்கிய ஜூலை 23 தேசியத் துக்க நாள். அன்று நாடெங்கும் ஆலைகள் துக்க நிலையில் நின்றன. ஆணியடித்து நிறுத்திய இறக்கையால் அதைச் சொல்லியிருக்க முடியாது. பல டன் எடையுள்ள சட்டம் உருண்டு வரும்போது, அடிப்புள்ளியைக் கடந்து சில அடி போனதும் நிற்கும்படி பிரேக் கயிற்றை எந்த நொடியில் விடுவது என்று தெரிந்த ஒருவர், அன்று காலை ஒவ்வோர் ஆலையின் அடியிலும் நின்றிருக்க வேண்டும்.